ஐஸ்லாந்து எரிமலைகளைத் தேடி ஜெர்மானியர்கள் ஏன் அத்தனை முறை போனார்கள்?

கேட்டிருப்பது இதுதான்: சொந்த நாட்டில் புகையும் எரிமலை ஒன்றுகூட இல்லாத ஜெர்மானியர்கள் ஐஸ்லாந்துக்குப் போய்ப் போய் ஆராய்ந்தது எதற்கு, அதில் என்ன கிடைத்தது?

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஜெர்மனியில் பழைய எரிமலைப் பாறைகள் மலை மலையாகக் கிடக்கின்றன, ஆனால் அவை உண்டானதைப் பார்த்தவர் யாரும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃப்ரைபெர்க் சுரங்கப் பள்ளியில் பாடம் நடத்திய வெர்னர், பசால்ட் என்ற கறுப்புப் பாறை கடல்நீரிலிருந்து படிந்தது என்றே சொல்லிக்கொடுத்தார். அது தப்பு, நெருப்புக் குழம்பு ஆறித்தான் அது உண்டாகிறது என்று நிலைநாட்டப் பல வருடச் சண்டை ஆனது. பாறை சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டுமென்றால் வெளியே போயாக வேண்டும். இத்தாலி ஒரு வழி, ஐஸ்லாந்து இன்னொரு வழி.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். இந்த வரலாற்றை எப்போதும் புன்சனிடமிருந்துதான் தொடங்குவேன். ஆமாம், பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பற்றவைத்த புன்சன் பர்னரின் அதே ராபர்ட் புன்சன். பர்னருக்கெல்லாம் முன்னாலேயே, 1846-ல், மார்பர்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்தபோது ஐஸ்லாந்து போனார். அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் அங்கே ஹெக்லா எரிமலை வெடித்திருந்தது. அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு பயணத்துக்கு உதவியது. கூடப் போனவர்களில் ஒருவர் சார்டோரியஸ் ஃபான் வால்டர்ஸ்ஹௌசன், எட்னா எரிமலையை வருடக்கணக்காக வரைபடமாக்கியவர். புன்சனோ ஆய்வக வெடிப்பு ஒன்றில் ஏற்கெனவே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அந்த மனிதர்தான் எப்போது பீய்ச்சியடிக்கும் என்று தெரியாத வெந்நீர் ஊற்றின் வாயில் நின்று, இருபது மீட்டருக்கு மேல் ஆழமான குழாய்க்குள் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினார்.

அவர் எடுத்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. குழாயின் நடுவாக்கில் ஓரிடத்தில் நீரின் வெப்பம் 121.8 டிகிரி. மேலே நிற்கும் நீரின் எடை அழுத்துவதால் அந்த ஆழத்தில் கொதிக்க 123.8 டிகிரி வேண்டும், அதனால் கொதிக்காமல் நிற்கிறது. கீழிருந்து வரும் ஆவி அந்த நீரை இரண்டு மீட்டர் மேலே தள்ளிவிட்டால் போதும், அங்கே 120.8 டிகிரியே கொதிநிலை. ஒரே நொடியில் ஆவியாகிறது, மேலே இருக்கிற நீரைத் தூக்கி வீசுகிறது, வீசியதும் கீழே அழுத்தம் குறைந்து அங்கேயும் கொதிக்கிறது, அப்படியே அடிவரைக்கும். நிலத்தடியில் பெரிய குகை இருந்து அதில் ஆவி அடைபட்டுத்தான் நீர் பீய்ச்சுகிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குகையே வேண்டாம், குழாய் போதும் என்று புன்சன் காட்டினார்.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவதுண்டு. ஆள் உயரக் கண்ணாடிக் குழாய், அடியில் குடுவை, உச்சியில் ஓர் அகலத் தட்டு, கீழே அடுப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் குழாயில் ஒரு நடுக்கம், தட்டில் நீர் மெல்ல உப்பும், அடங்கும், மறுபடி உப்பும். திடீரென்று மொத்தமும் மேலே பாயும். தட்டில் விழுந்த நீர் ஆறி மறுபடி குழாய்க்குள் இறங்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து முன்னால் வருவது இந்த ஒரு நாள்தான்.

பாறைகளைப் பற்றி 1851-ல் புன்சன் எழுதியது முழுக்க நிற்கவில்லை. ஐஸ்லாந்துப் பாறை எல்லாம் இரண்டே மூலக் குழம்புகளின் கலவை என்றார். குழம்புகள் கலப்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. என்றாலும் ஒரு தீவின் பாறைகளை வேதிப் பகுப்பாய்வின் எண்களால் படிக்கலாம் என்ற துணிச்சல் அவருடையது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தத் தீவை மூலைமுடுக்கெல்லாம் குதிரையில் சுற்றி, ஏறக்குறைய இருபது வருட உழைப்பில் 1901-ல் நிலவியல் வரைபடம் கொடுத்தவர் ஐஸ்லாந்துக்காரரான தோர்வால்துர் தோரொட்சன். அவருடைய பெரிய நூலொன்று ஜெர்மன் மொழியில், ஜெர்மனியில்தான் அச்சானது. பிறகு வந்தவர்கள் அவர் போட்ட பாதையில் நடந்தவர்கள்.

அப்படி வந்தவர்தான் ஜெர்மன் நிலவியலாளர் வால்டர் ஃபான் க்னேபெல். 1875-ல் ஆஸ்க்யா எரிமலை வெடித்து, சாம்பல் ஸ்காண்டிநேவியா வரை போனது. கிழக்கு ஐஸ்லாந்தில் மேய்ச்சல் அழிந்து நிறையப் பேர் ஊரைவிட்டு வட அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். எரிமலையின் நடுப்பகுதி உள்வாங்கிய பள்ளத்தில் 200 மீட்டருக்கு மேல் ஆழமான ஏரி ஒன்று உண்டானது. 1907 ஜூலை 10 அன்று க்னேபெலும் ஓவியர் மாக்ஸ் ருட்லோஃபும் மடக்கக்கூடிய துணிப்படகில் அந்த ஏரியில் இறங்கினார்கள். திரும்பவில்லை. வேறு பக்கம் வேலையாகப் போயிருந்த மூன்றாமவர் ஹான்ஸ் ஷ்பெத்மான் வந்து பார்த்தபோது யாருமில்லை. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 2014 ஜூலையில் அதே ஏரிக்குள் ஒரு சரிவு இடிந்து விழுந்தபோது, அலை கரையில் சில இடங்களில் 60 மீட்டர் உயரம் வரை ஏறியது. அதைப் படித்த அன்று அந்தத் துணிப்படகுதான் என் நினைவுக்கு வந்தது.

மறு வருடமே க்னேபெலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இனா ஃபான் க்ரும்ப்கோ, தானே தேடிப் பார்ப்பதென்று கிளம்பினார். துணைக்கு ஹான்ஸ் ரெக் என்ற இளம் நிலவியலாளர், வழிகாட்டி சிகுர்துர் சுமர்லிதாசன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் கல்லடுக்கி ஒரு நினைவுக்குவியல் எழுப்பினார்கள். அதே பயணத்தில், ஏறவே முடியாது என்று ஊர் சொல்லிவந்த ஹெர்துபிரெய்த் மலையின் உச்சியை ரெக்கும் சுமர்லிதாசனும் 1908 ஆகஸ்ட் 13 அன்று தொட்டார்கள். இனா அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார், சில வருடம் கழித்து ரெக்கையே மணந்தார்.

சரி, கண்டங்கள் நகர்கின்றன என்று 1912 ஜனவரியில் சொன்ன ஆல்ஃப்ரெட் வெகனரும் அதே வருடம் கோடையில், கிரீன்லாந்து போகும் வழியில், ஐஸ்லாந்துக் குதிரைகளுடன் வாட்னயோகுட்ல் பனிப்பாளத்தைக் கடந்து பயிற்சி எடுத்தார். அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க 1938-ல் நிம்ச்சிக் என்பவர் தலைமையில் ஒரு ஜெர்மன் குழு வந்து, வடக்கு ஐஸ்லாந்தில் நிலம் இரண்டாகப் பிரிந்து விலகும் விரிசல் பட்டைக்குக் குறுக்கே அளவைப் புள்ளிகளைப் பதித்து, இடைத்தூரங்களை அளந்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் போர் வந்துவிட்டது. 1960-களில் ஜெர்மன் நில அளவையாளர்கள் திரும்பி வந்து அதே புள்ளிகளைத் தேடிப் பிடித்து அளந்தார்கள், 70-களில் மறுபடியும். 1975 டிசம்பரில் அந்தப் பட்டையில் இருக்கும் கிராஃப்லா எரிமலை வெடிக்கத் தொடங்கியது, 1984 வரை விட்டுவிட்டு நீடித்தது. சராசரிக்கு வருடம் இரண்டு சென்டிமீட்டர் விலகும் நிலம், நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த இழுவிசையை அந்தச் சில வருடங்களில் விடுவித்தது. விரிசல் பட்டை மீட்டர் கணக்கில் அகன்றது, மறுபடி எடுத்த அளவுகளே அதைச் சொல்லின.

ஆஸ்க்யா போக வாய்த்தால் ஜூன் கடைசிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போங்கள், மற்ற மாதங்களில் பாதை மூடியிருக்கும். எல்லாரும் வீட்டி என்ற பால்நிறக் குட்டைக்குத்தான் ஓடுவார்கள். அதன் பக்கத்தில்தான் அந்தப் பெரிய ஏரி. இனா அடுக்கிய கற்குவியலையும் தேடிப் பாருங்கள்.