பழைய லென்ஸ் நல்ல லென்ஸ்தான், தவணைதான் தப்பு

கேள்வி: ஐயா, மாதச் சம்பள வேலையில் இருக்கிறேன். வார இறுதிகளில் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கிறேன். என் கேமரா நிக்கான் இசட். அடாப்டர் போட்டுப் பழைய தொழில்முறை ஜூம் லென்ஸ்களைப் பயன்படுத்துகிறேன். 80-200 மி.மீ. எஃப்/2.8 இரண்டு (இழுத்துத் தள்ளும் வகை ஒன்று, இரட்டை வளைய வகை ஒன்று), 70-200, 17-35 என நான்கு இருக்கின்றன. முதல் மூன்றும் 12 சதவீத ஃபிளாட் வட்டியில் இரண்டு ஆண்டுத் தவணைக்கு வாங்கியவை. இன்னும் ஓராண்டு பாக்கி. இப்போது 28-70 ஒன்று 'வட்டியில்லாத் தவணை'யில் கிடைக்கிறது. பழைய லென்ஸ் விலை இறங்காது, இது முதலீடு என்கிறார் என் மைத்துனர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

லென்ஸைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. அந்த உலோக உடல், ஜூமின் எந்த முனையிலும் மாறாத எஃப்/2.8 (ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் பெரிய திறப்பு), 77 மி.மீ. ஃபில்டர் ஒன்றையே நான்கிலும் மாட்டும் வசதி: இந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. பணக் கணக்கிலும் பழைய தொழில்முறை லென்ஸ் வாங்குவது புத்திசாலித்தனமான காரியம்தான். புதிதாக வாங்கியவர் தேய்மானத்தை ஏற்கெனவே சுமந்துவிட்டார். வாங்கும் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 கொடுத்து வாங்கி, நன்றாக வைத்திருந்து, இரண்டு ஆண்டு கழித்து 90-க்கு விற்றால் உங்கள் செலவு 10 மட்டுமே.

அந்த ஆதாயத்தை நீங்கள் வட்டியாகக் கொடுத்துவிடுகிறீர்கள். 100 பங்குக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் இரண்டு ஆண்டில் 24. விற்கும்போது போகும் 10-ஐயும் சேர்த்தால் 34. புதிய லென்ஸை ரொக்கத்தில் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விலை போனாலும், விகிதத்தில் அவரும் நீங்களும் ஒன்றுதான். அவரிடம் உத்தரவாத அட்டையும் இருக்கும். மேலும், ஃபிளாட் 12 என்பது உண்மையில் 12 அல்ல. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கே வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

'வட்டியில்லாத் தவணை' என்றால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்றே ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை? 100-க்குப் பதில் 92 என்றால் அந்த 8 தான் வட்டி. பன்னிரண்டு மாதத் தவணைக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சதவீதம்.

மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் முதலீடு என்ற சொல்லை இங்கே அனுமதிக்க மாட்டேன். உங்கள் பழைய லென்ஸ்களைக் கேமராவில் பொருத்தும் அமைப்பான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2018-இல் உங்கள் கேமராவில் உள்ள இசட் மவுண்ட் வந்தது. உங்கள் இரண்டு 80-200 லென்ஸ்களுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கேமரா உடலில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருகும். எஃப் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அப்படித் திருகும் மோட்டார் இல்லை. ஆகவே ஆட்டோஃபோகஸ் இல்லாத இரண்டு லென்ஸ்களுக்கு மாதம் தவறாமல் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 70-200 அதே தூரத்தை ஆட்டோஃபோகஸோடு எடுத்துத் தருகிறது. இதை நீங்கள் அறியாதவர் அல்ல. தவணை சிறிதாகத் தெரிந்ததால் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். 1999-இல் வந்த 28-70-க்கு உள்ளேயே மோட்டார் உண்டு, உங்கள் கேமராவில் வேலை செய்யும். ஆனால் இத்தனை வயதான மோட்டார் கீச்சிட ஆரம்பித்தால் மாற்று உதிரிபாகம் கிடைப்பது அரிது. கண்ணாடிக்குள் பூஞ்சை வந்தால் கேட்பவரும் குறைவு, கேட்கும் விலையும் குறைவு. இப்படிப்பட்ட பொருளைக் கடன் வாங்கிச் சேர்ப்பதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது?

80-200 இரண்டையும் விற்றுவிடுங்கள். ஒவ்வொன்றும் 100 பங்கு என்று தோராயமாக வைத்தால் ஒரு கடனுக்கு மாதத் தவணை 5.17, மூன்றுக்கும் 15.5. ஓராண்டு பாக்கி 186. இரண்டையும் தலா 90-க்கு விற்றால் 180 வரும். முன்கூட்டியே அடைத்தால் இனி வரவேண்டிய வட்டியில் ஒரு பகுதி குறைய வேண்டும். முன்னடைப்புக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று கடனும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதன்பின் அந்த 15.5 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஏழாவது மாதம் ஒரு லென்ஸின் முழு விலை ரொக்கமாகக் கையில் இருக்கும்.

அதுவரை 28-70 தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். கூடவே, கடந்த ஓராண்டுப் படங்களைத் திறந்து பாருங்கள். எந்தக் குவியத்தூரத்தில் (லென்ஸின் 28, 70 போன்ற மி.மீ. எண்) எடுத்தீர்கள் என்பது கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கூலி வாங்கி எடுத்த படங்களை மட்டும் எண்ணுங்கள். 28-க்கும் 70-க்கும் இடையே எத்தனை என்ற எண்ணிக்கையோடு, கடன் அடைந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அப்போது அந்த லென்ஸைப் பற்றி உங்களோடு மகிழ்ச்சியாகப் பேசுவேன்.