மண்டபத்தை ஆய்வு செய்விக்குமுன்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் உள்ள எங்கள் சங்கத்தின் பொது மண்டபத்துக்குச் சக்கர நாற்காலியில் வருவோரும் பார்வை குறைந்தோரும் தடையின்றி வந்துபோக முடிகிறதா என்று ஆய்வு செய்விக்கத் தீர்மானித்துள்ளோம். ஆய்வாளர், ஒரு நாளில் பார்த்து அறிக்கை தருவதாகச் சொல்லித் தொகையை மட்டும் கேட்கிறார். அவரோடு எவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்?

பதில்: தொகையைக் கடைசியில் பேசுங்கள். "கட்டடம் முழுவதும்" என்று மட்டும் எழுதினால் ஆய்வு வாசற்படியில் தொடங்கி மேடையில் முடிந்துவிடும். வருபவரோ பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, படலையைக் கடந்து, மணல் முற்றத்தின் வழியாகத்தான் வாசலுக்கு வருகிறார். ஆகவே வீதியிலிருந்து மண்டபம், சாப்பாட்டு இடம், மலசலகூடம் வரையிலான பாதை முழுவதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பின்வளவில் தனியே கட்டப்பட்ட மலசலகூடம்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

அளவுகளை எதனோடு ஒப்பிடுவார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகளைக் குறிப்பிடுவதே பொருத்தமானது. மாரி வெள்ளத்துக்காக நம் பக்கத்தில் தளத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம் என்பதால், சாய்தளமே உங்களுக்குப் பெரிய கேள்வியாகும்: 1:12 சாய்வில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 7.2 மீற்றர் நீளமும், அதன் மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்பச் சமதளமும் வேண்டும். அதற்கு வளவில் இடமில்லையென்றால் மாற்றுவழி எது என்பதை ஆய்வாளரே சொல்ல வேண்டுமென்று கேளுங்கள். முற்றத்தில் எங்கே வெள்ளம் நிற்கும் என்பதைக் கோடையில் வருபவர் அறியமாட்டார். அதைக் காட்ட உங்களில் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

சக்கர நாற்காலி பாவிப்பவர் ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் ஆய்வில் பங்குபற்ற வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்களுக்கான கொடுப்பனவையும் போக்குவரத்துச் செலவையும் யார் தருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அன்பளிப்பாக வந்து உதவச் சொல்வது முறையல்ல.

அறிக்கையில் ஒவ்வொரு தடைக்கும் படம், அளந்த அளவு, இருக்க வேண்டிய அளவு, உத்தேசச் செலவு, எதை முதலில் திருத்துவது என்ற வரிசை ஆகியன இருக்க வேண்டும். அதைத் தமிழில் தர வேண்டும் என்றும் எழுதுங்கள், ஏனெனில் வேலை செய்யப்போகும் மேசனும் அதை வாசிக்க வேண்டும். திருத்த வேலையை ஆய்வாளரே ஒப்பந்தமாக எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை பேசுவதற்குச் சங்கடமாக இருந்தாலும் அவசியமானது. தொகையின் ஒரு பகுதியை, வரைவு அறிக்கையை நிர்வாக சபை வாசித்துக் கேட்ட சந்தேகங்களுக்கு அவர் பதில் தந்த பின்னரே கொடுங்கள். வேலை முடிந்தபின் ஒருமுறை வந்து அளந்து பார்ப்பதற்கான கட்டணத்தையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.