சுட்ட மானைத் தேடவும் காட்டிலேயே குடல் எடுக்கவும் பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

இந்த நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன், என்ன கத்தி வாங்கலாம், வேறென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது இங்கே லைசென்ஸ் எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும்.)

கத்திக்கு முன்னால் விளக்கைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அந்த வாரத்தில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சாயங்காலம் சுட்டால் தேடுவது இருட்டில்தான். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று, இரண்டும் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் மாற்று பேட்டரியைப் பையில் போடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

அடுத்தது ஃப்ளாஸ்க்கில் டீ, சாப்பிட ஏதாவது, கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை. சுட்டதும் தேடப் போகாமல் காத்திருக்கத்தான் இவை. என் முதல் சீசனில் ஒரு பெண் மானைச் சுட்டேன். குண்டு கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. பனியில் பச்சை கலந்த பழுப்புத் துளிகள், லேசாகச் சாண வாடை. குண்டு குடலில் பட்டதற்கு அதுதான் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உடனே பின்னால் போனேன். நூறடி தள்ளிப் படுத்திருந்த மான் எழுந்து ஓடிவிட்டது. அது படுத்திருந்த இடத்தில் பனி உருகி, ஒரு பள்ளம் போல வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் காலையில் கண்டுபிடித்தபோது கயோட்டிகள் (நரி, ஓநாய் போன்ற காட்டு விலங்குகள்) பாதிக்கு மேல் தின்றிருந்தன. அந்த மானுக்கு நான் செய்தது இன்றும் மனதை அறுக்கிறது.

ஆகவே மான் நின்ற இடத்தில் கிடக்கும் ரத்தத்தை முதலில் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கல்லீரல். நாலு மணி நேரமாவது விடுங்கள். சாண வாடை அடித்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தடம் பார்க்கும்போது ஒவ்வொரு ரத்தத்துளிக்கும் பக்கத்துக் கிளையில் ஒரு துண்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டுங்கள். தடம் விட்டுப்போனால் திரும்பி நின்று பாருங்கள்: ரிப்பன்கள் ஒரே கோடாகத் தெரியும், அந்தக் கோட்டை முன்னால் நீட்டினால் மான் போன திசை. மேப்பிள் இலைகளில் இயல்பாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும், ரத்தமா என்று குழப்பும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துப் போய் அடித்துப் பாருங்கள், ரத்தமென்றால் நுரைக்கும்.

மானைக் கண்டதும் பின்புறமாக நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைக்கவில்லை என்றால் மான் இறந்துவிட்டது. குடல் எடுப்பதற்கு முன் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும்.

இப்போது கத்தி. மூன்று நாலு அங்குல அலகு, மடக்காத கத்தி, ஒன்றே போதும். பெரிய கத்தி உள்ளே போகும்போது இரைப்பையைக் கிழித்துவிடும். கிழிந்தால் கறி நாறிப்போகும். வயிற்றுத் தோலில் சின்னதாக ஒரு கீறல், அதில் இரண்டு விரலை விட்டு, அலகின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகக் கீறிக்கொண்டே போக வேண்டும். ஊரில் ஆட்டைத் தொங்கவிட்டு உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மான் தரையில் கிடக்கும், தனியாக இருந்தால் கால் மடங்கி மடங்கி விழும். பத்தடிக் கயிறு இருந்தால் ஒரு பின்னங்காலை மரத்தோடு இழுத்துக் கட்டிவிடலாம். மலக்குடல் முனையையும் மூத்திரப்பையையும் கட்ட முழ நீளச் சணல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஈரலும் இதயமும் வேண்டுமென்றால் ஜிப் வைத்த பைகள்.

கையுறையைக் கட்டாயம் வையுங்கள், இரண்டு ஜோடி. விஸ்கான்சின் மான்களில் சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற நோய் 2002 முதல் இருக்கிறது. மூளையையும் நரம்பையும் தாக்கும் பிரியான் நோய். பிரியான் என்பது உருக்குலைந்த ஒரு புரதம், சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயிருப்பது உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. மூளை, தண்டுவடத்தில் கத்தி படாமல் பார்த்துக்கொண்டு, தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாநிலம் இலவசமாகவே செய்து தருகிறது. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். இதில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை, வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

கனமான சாமான்கள் காரிலேயே இருக்கட்டும்: இழுத்துவர பிளாஸ்டிக் சறுக்குவண்டி, தார்ப்பாய், தண்ணீர்க் கேன், ஐஸ் பைகள். வெளியே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் குடல் எடுத்த வயிற்றுக்குள் ஐஸ் பையை வைத்துவிடுங்கள். இழுத்து வரும்போது உங்கள் ஆரஞ்சு உடையைக் கழற்றாதீர்கள், கொம்பிலும் மிச்ச ரிப்பனைச் சுற்றுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நகர்கிற மான்தான் தெரியும்.

அப்புறம் போனில் சார்ஜ் இருக்கட்டும். தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் அவரிடம் கேட்காமல் கால் வைக்க முடியாது. மான் கையில் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் அதைப் பதிவும் செய்ய வேண்டும்.