மலையுச்சியில் ஐந்து வாட்

அன்புள்ள ஐயா,

மலையேறும்போது, உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போவதாக எழுதியிருந்தீர்கள். எனக்குப் போன வருடம்தான் அதன் தொடக்கநிலை உரிமம் (வி.யு.3) வந்தது. மாதம் ஒருமுறை கொல்லிமலைப் பக்கம் நடப்பவன். நான் மலைக்குப் போவதே பேச்சிலிருந்து தப்பிக்கத்தான். அங்கேயும் போய் மைக்கைப் பிடித்துக் கத்த வேண்டுமா? அப்படியே போனாலும் எதையெல்லாம் கொண்டுபோவது? வீட்டில் என் ரிக்கில் (ரேடியோ செட்டில்) பாதி நேரம் இரைச்சல்தான் கேட்கிறது.

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் கடைசி வரியிலேயே இருக்கிறது. அந்த இரைச்சலில் பெரும்பகுதி நம் தெருவே தயாரிப்பது. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து போடும் கூச்சல். என் வீட்டில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தால், சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் 7-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். மெலிந்த குரல்கள் எல்லாம் அதற்கடியில் புதைந்துபோகும்.

ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்து மேல்விளிம்பில் முதன்முதலாக ரிக்கைப் போட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை. ஆண்டெனா கழன்றுவிட்டதோ என்று கனெக்டரைத் திருகிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் டயலை மெல்ல நகர்த்தினால், கொச்சிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவர் ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் நான் மைக்கைத் தொடவே இல்லை. அதற்குமுன் உச்சிக்குப் போனால் தயிர்சாதம், ஒரு போட்டோ, இறக்கம், அவ்வளவுதான். ரேடியோ வந்தபிறகுதான் மலையில் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரப் பழகினேன். எனவே கத்தத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பேசுவதற்கும் அங்கே 5 வாட் போதும். அந்தக் காலத்து 'ஜீரோ வாட்' பல்பே பத்துப் பதினைந்து வாட் தின்னும்! ஏற்காட்டில் அன்று காலை எட்டு மணி வாக்கில் அந்த ஐந்து வாட்டில் ஹைதராபாத் பதில் சொன்னது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் உச்சிவெயிலில் படுத்துவிடும். அயனி மண்டலத்தின் கீழடுக்கு பகலில் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நண்பகலில் தூரம் போக வேண்டுமென்றால் 14-க்கு மாறுங்கள்.

நேர்கோட்டில் செல்லும் வி.எச்.எஃப். அலையில் பேசும் கையடக்க செட் மட்டுமே இருந்தாலும் கவலையில்லை, அங்கே மலையே உங்களுக்கு டவர். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள். அலை நேராக எட்டும் தூரமான ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். 10 மீட்டர் உயர மாடிக்கு 13 கி.மீ., சமவெளியிலிருந்து 900 மீட்டர் எழும் மலைக்கு ஏறக்குறைய 124 கி.மீ.

இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியவர்கள் பிரிட்டன்காரர்கள். 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமாக சோட்டா. 2002 மார்ச் 2-ல் தொடங்கினார்கள். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நிலையம் இருக்க வேண்டும். காரிலிருந்து பேசக்கூடாது, பெட்ரோல் ஜெனரேட்டரும் கூடாது. நான்கு பேரையாவது பிடித்தால்தான் புள்ளி. மலையைப் பொறுத்து 1 முதல் 10 வரை. ஆயிரம் சேர்த்தவருக்கு 'மவுண்டன் கோட்' (மலையாடு) பட்டம். வெள்ளாடாகும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஜெனரேட்டர் விதி எனக்குப் பிடித்தது. சுமந்து போன மின்சாரம் தீரும்வரைதான் பேச்சு.

சரி, மூட்டைக்கு வருவோம். சிறிய ரிக், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆண்டெனாவுக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பி, நைலான் கயிறு, நோட்டு, பென்சில். பேனா குளிரில் மக்கர் செய்யும். மரமிருந்தால் பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி கிளைக்கு மேல் வீசுங்கள். நடுப்பகுதியை இழுத்து உயர்த்தி, இரு முனைகளையும் சரிவாகக் கீழே கட்டிவிட்டால் வேலை முடிந்தது. மொட்டைப் பாறையென்றால் மடக்கும் தூண்டில் கழி உதவும்.

நான் முதலில் வீசிய பாட்டில் சில்வர் ஓக் கவையில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், கிளை முறிந்து பாட்டிலோடு தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதைப் பார்த்து நான் திகைத்து நிற்க, ஒரு குரங்கு வாழைப்பழப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆண்டெனாவை ரிக்கோடு இணைக்கும் அடாப்டரும் அந்தப் பையில்தான் இருந்தது. பழங்களைத் தின்று முடித்தபிறகு அது கடித்துப் பார்த்துக் கீழே போட்ட அடாப்டரில் இன்றும் பல் தடம் இருக்கிறது. வேலையும் செய்கிறது. ஆகவே அடாப்டர் இரண்டு, ஒன்று சட்டைப்பையில்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டே போங்கள். வயரும் செட்டுமாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். உரிமத்தின் நகல் கையில் இருந்தால் விளக்குவது எளிது. சித்திரை, வைகாசி மதியங்களில் தூரத்தில் இடி கேட்டாலே பேச்சை நிறுத்திக் கம்பியைக் கழற்றி இறங்கிவிடுங்கள், எதிரில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

வருகிற ஞாயிறு நான் வீட்டில்தான் இருக்கிறேன். கொல்லிமலை ஏறினால் காலை ஏழரைக்கு 7 மெகாஹெர்ட்ஸில் அழையுங்கள். உங்கள் நிலையத்தின் பெயரான அழைப்புக்குறியை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, இரண்டு முறை சொல்லுங்கள். என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். எனக்குத்தான் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரைத் தாண்டி உங்களைப் பிடிக்க வேண்டும்.