கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரி ஆக: வாசகர் கேள்விகள்

இங்கே பேசப்படுவது அக்னிவீர் வேலைவாய்ப்பு அல்ல. பட்டம் முடித்ததும் லெப்டினன்டாகச் சேரும் வழி. கல்லூரி மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

பி.எஸ்சி. முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். என்.சி.சி.யில் இப்போதே சேர வேண்டுமா, அடுத்த வருடம் சேர்ந்தால் போதாதா? (தேனி)

இப்போதே சேருங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் முக்கியமானது இதுதான். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்குப் போகும் 'என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி'க்கு 'சி' சர்ட்டிஃபிகேட் வேண்டும். அதில் குறைந்தது 'பி' கிரேடு இருக்க வேண்டும். 'சி' தேர்வு எழுத மூன்று வருடப் பயிற்சி ஆகும். உங்கள் பட்டப்படிப்பும் மூன்று வருடம்தான். இரண்டாம் வருடம் சேர்ந்தால் 'பி' சர்ட்டிஃபிகேட்டோடு கல்லூரியை விட்டு வெளியே வருவீர்கள். அதன்பின் எம்.எஸ்சி. சேர்ந்து, அங்கே என்.சி.சி. இருந்து, தொடர அனுமதி கிடைத்தால்தான் மீதி.

கணக்கு இதுதான். ஒவ்வொரு வருடமும் பரேடு வருகை 75 சதவீதம் வேண்டும். இரண்டாம் வருட முடிவில் 'பி' தேர்வு, மூன்றாம் வருட முடிவில் 'சி' தேர்வு. 'பி'க்கு ஒரு கேம்ப், 'சி'க்கு மொத்தம் இரண்டு. வருடாந்திரக் கேம்ப் பத்து நாள் நடக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்: முதல் வருடம் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கேம்பைத் தள்ளிவிடுவார்கள், மூன்றாம் வருடம் கேம்ப் தேதியும் செமஸ்டர் தேதியும் மோதும். இரண்டு கேம்பையும் நான்காம் செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். கேம்ப் சர்ட்டிஃபிகேட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள். பட்டாலியன் பதிவேட்டில் பெயர் விடுபட்டால், 'சி' தேர்வுக்கு முந்தைய வாரம்தான் உங்களுக்கே தெரியவரும்.

இன்னொன்று: விண்ணப்பிக்கும் நாளில் 'சி' சர்ட்டிஃபிகேட் கையில் இருக்க வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே உள்ள விதி. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கு இடமில்லை. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு கோர்ஸ். மூன்று வருடப் பட்டம் படிப்பவர் பெரும்பாலும் கடைசி செமஸ்டர் முடிந்தபின் வரும் அறிவிக்கைக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். நான்கு வருட பி.இ. மாணவருக்கு மூன்றாம் வருடமே 'சி' முடிந்துவிடுவதால் கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

என்.சி.சி.யில் சேர்ந்தால் கட்டாயம் ராணுவத்துக்குப் போக வேண்டுமா? வீட்டில் பயப்படுகிறார்கள். (ஆம்பூர்)

இல்லை. 1948-ஆம் ஆண்டின் என்.சி.சி. சட்டமே, கேடட் என்பதற்காக யாரையும் ராணுவப் பணிக்கு அழைக்க முடியாது என்கிறது. அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பி.இ. மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் என்.சி.சி. இல்லை. எனக்கு வழி அடைந்துவிட்டதா? (சேலம்)

அடையவில்லை. உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது சி.டி.எஸ்.; யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் எழுத்துத் தேர்வு. மற்ற இரண்டும் பொறியியல் படித்தவர்களுக்கே உரியவை: எஸ்.எஸ்.சி. டெக் (ஷார்ட் சர்வீஸ் கமிஷன் டெக்னிக்கல்), டி.ஜி.சி. (டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ்). இவற்றுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பொறியியல் பிரிவுவாரியாக மதிப்பெண் கட்-ஆஃப் வைத்துச் சுருக்கி, நேரே எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். வயது 20 முதல் 27. கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். எஸ்.எஸ்.சி. டெக் என்றால் பயிற்சி 49 வாரம், குறுகிய காலப் பணி. டி.ஜி.சி. என்றால் டேராடூன் ஐ.எம்.ஏ.வில் (இந்திய ராணுவ அகாடமி) பயிற்சி, நிரந்தரப் பணி.

கட்-ஆஃப் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்தே போடப்படுவதால், இந்த இரண்டு வழியிலும் உங்கள் சி.ஜி.பி.ஏ.தான் முதல் வடிகட்டி. பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். எந்தப் பிரிவுக்கு எந்தெந்தப் பட்டப் பெயர்கள் செல்லும் என்று அறிவிக்கையில் பட்டியல் இருக்கும். உங்கள் சான்றிதழில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இல்லாவிட்டால், எஸ்.எஸ்.பி. வரை போனபின்னும் நிராகரிக்கப்படலாம்.

சி.டி.எஸ்.ஸில் கணிதம் இல்லாமல் எழுத முடியுமா? பி.ஏ. வரலாறு படிக்கிறேன். (திருநெல்வேலி)

முடியும். ஓ.டி.ஏ.வுக்கு (சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி) மட்டும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு ஆகிய இரண்டு தாள்கள்தான். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். எஸ்.எஸ்.பி.க்கும் 200, ஆக மொத்தம் 400. ஐ.எம்.ஏ. வேண்டுமானால் கணிதத் தாள் கூடுதலாக உண்டு. ஆனால் அதன் தரம் பத்தாம் வகுப்புதான் என்று யு.பி.எஸ்.சி.யே சொல்கிறது. எட்டு முதல் பத்து வரையிலான கணக்குப் புத்தகங்களை ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டால் வரலாற்று மாணவரும் தாண்டிவிடலாம். கணிதத்தை விட்டால் ஐ.எம்.ஏ.வையும் விட்டதாகும் என்பதால், அந்த ஆறு மாதத்தைச் செலவழிக்கவே நாங்கள் சொல்வோம். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். தெரியாததைக் குருட்டாம்போக்கில் நிரப்பாதீர்கள்.

'சி' சர்ட்டிஃபிகேட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சி.டி.எஸ். மூலம் ஐ.எம்.ஏ.வுக்கு எடுக்கும் 100 இடங்களில் 13 இடங்கள் என்.சி.சி. ஆர்மி விங் 'சி' சர்ட்டிஃபிகேட் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆகவே ஸ்பெஷல் என்ட்ரியோடு நிற்காமல் சி.டி.எஸ்.ஸும் எழுதுங்கள். விண்ணப்பத்தில் அகாடமி விருப்ப வரிசையை நிரப்பும்போது ஓ.டி.ஏ.வைச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டுப்போனால் பின்னால் திருத்திக் கேட்க முடியாது.

எஸ்.எஸ்.பி.யில் ஆங்கிலம் சரளமாகப் பேசினால்தான் எடுப்பார்களா? நான் பன்னிரண்டு வரை தமிழ்வழி. (அரியலூர்)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். தென்பகுதி மாணவர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரு வரும். பிரயாக்ராஜ், போபால், ஜலந்தர் மையங்களும் வரலாம். முதல் நாள் ஸ்க்ரீனிங்கிலேயே பெரும்பாலானோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதில் அறிவுத்திறன் தேர்வு ஒன்று. படம் பார்த்துக் கதை எழுதுவது இன்னொன்று. மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசிப் பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். இந்தப் பகுதி பல குழுக்களில் சந்தைக்கடையாகிவிடும். இலக்கணம் பிசகினாலும், ஒருவர் சொன்னதைக் கேட்டு அதன்மேல் ஒரு கருத்தைத் தெளிவாக வைப்பவர் தேர்வாளர் கண்ணில் படுவார். எல்லோரையும் மிஞ்சிக் கத்துபவரும் வாயே திறக்காதவரும் ஒன்றாக வெளியேறுகிறார்கள்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு: 11 படங்களும் ஒரு வெற்றுத் தாளும் சேர்த்து 12 கதைகள், 60 சொற்களுக்கு ஆளுக்கொரு வாக்கியம், சொல்லுக்கு 15 விநாடி, 60 சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று எழுத 30 நிமிடம், கடைசியாக உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது. இங்கே தேவை வேகமான, எளிய ஆங்கிலம். இந்தியிலும் எழுதலாம், தமிழில் முடியாது. 15 விநாடியில் மனத்துக்குள் தமிழிலிருந்து மொழிபெயர்க்க நேரம் இருக்காது. அதனால் தினமும் 20 சொற்களை எடுத்து, மணி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வாக்கியம் எழுதிப் பழகுங்கள். கோச்சிங் புத்தகத்தில் உள்ள வாக்கியங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் எழுதும் கதையையும் குழுவில் நடந்துகொள்ளும் விதத்தையும் நேர்முகத்தில் சொல்வதையும் மூன்று வேறு அதிகாரிகள் தனித்தனியாகப் பார்த்து, கடைசி நாள் கான்ஃபரன்ஸில் ஒப்பிடுகிறார்கள். இரவல் வாக்கியம் எழுதியவரின் மூன்று படமும் ஒட்டாது.

களப் பணிகளில் லெக்சரெட் என்று ஒன்று உண்டு. அட்டையில் உள்ள நான்கு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். தமிழ்வழி மாணவருக்கு இதுதான் அச்சம் தருவது. ஆனால் வீட்டிலேயே பழகிவிடக்கூடியதும் இதுவே. மூன்றாம் செமஸ்டரிலிருந்து தினம் ஒரு செய்தியைப் படித்து, கண்ணாடி முன் மூன்று நிமிடம் பேசினால், இரண்டு வருடத்தில் உங்கள் நாக்கு வேறு நாக்கு. உச்சரிப்பில் ஊர் வாடை இருப்பது குறையே அல்ல.

நேர்முகக் கேள்விகள் பெரும்பாலும் முதல் நாள் உங்களைப் பற்றிய விவரங்களை நீங்கள் நிரப்பும் பி.ஐ.க்யூ. படிவத்திலிருந்தே பிறக்கும். பொழுதுபோக்கு 'வாசிப்பு' என்று எழுதினால் கடைசியாகப் படித்த புத்தகத்தைக் கேட்பார்கள். கபடி ஆடுபவர் கபடி என்றே எழுதுங்கள்.

பெண்களுக்கு எத்தனை இடம்? (நாகர்கோவில்)

குறைவுதான். என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரியின் அண்மைய அறிவிக்கைகளில் ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 6. சி.டி.எஸ். வழியாகப் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் 20-ஐ எட்டாத இடங்கள். ஆகவே பெண்கள் இரண்டையும் விடாமல் எழுத வேண்டும். பொறியியல் என்றால் எஸ்.எஸ்.சி. டெக்கும் சேர்த்து. திருமணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சி சென்னைப் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில், 1992-இலிருந்து அங்கே பெண்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். லேசிக் செய்துகொள்ளலாமா? (ஈரோடு)

அவசரப்படாதீர்கள். 20 வயதுக்கு முன் செய்த லேசிக் ஏற்கப்படாது. செய்தபின் 12 மாதம் கடந்திருக்க வேண்டும். கருவிழித் தடிமன், கண் அச்சு நீளம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. முதலில் அறிவிக்கையின் கண் தகுதிப் பகுதியை அச்செடுத்துக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடியோடேயே தகுதி பெறக்கூடிய பவராக இருந்தால் அறுவை தேவையே இல்லை.

எவ்வளவு ஓட வேண்டும்? (தஞ்சாவூர்)

பயிற்சிக்கு வருமுன் இருக்க வேண்டிய தகுதியாக அண்மைய அறிவிக்கைகள் சொல்வது: ஆண்கள் 2.4 கிலோமீட்டர் 10 நிமிடம் 30 விநாடி, புஷ்-அப் 40, புல்-அப் 6, சிட்-அப் 30. பெண்கள் 2.4 கிலோமீட்டர் 13 நிமிடம், புஷ்-அப் 15, புல்-அப் 2, சிட்-அப் 25. நீச்சலின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் ஆறு சுற்று. ஆண்களுக்குச் சுற்றுக்கு 1 நிமிடம் 45 விநாடி, பெண்களுக்கு 2 நிமிடம் 10 விநாடி. முதல் மாதமே வேகம் பார்த்து ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடிக்கும். வாரம் நான்கு நாள், மெதுவாக, மண் தரையில் தொடங்குங்கள். கேம்ப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடாதீர்கள்.

ஒரு அரியர் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா? (கடலூர்)

ஸ்பெஷல் என்ட்ரிக்கு எல்லா வருடமும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். கடைசி வருட மாணவர் என்றால் அதுவரை முடித்த வருடங்களின் சராசரி 50 இருக்க வேண்டும். அரியரை அறிவிக்கையில் சொன்ன தேதிக்குள் முடித்துச் சான்று காட்டியாக வேண்டும். சி.ஜி.பி.ஏ. முறையில் படிப்பவர்கள், அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் அலுவலகத்தில் அது கிடைக்காது.

குறுகிய காலப் பணி என்றால் எத்தனை வருடம்? (மதுரை)

பத்து வருடம், விரும்பினால் நான்கு வருடம் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்கும் கோரலாம், தகுதி பார்த்துத் தருவார்கள். 14 வருடத்தில் வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஓ.டி.ஏ. பயிற்சி முடிப்பவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோவும் உண்டு.

விண்ணப்பத்தில் இனிஷியலை எப்படி எழுதுவது? ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருக்கிறது. (விருதுநகர்)

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். பிறந்த தேதிக்கும் அதுவே ஆதாரம். இனிஷியல் பின்னால் இருந்தால் பின்னால், விரித்து எழுதியிருந்தால் விரித்து. ஆதார், என்.சி.சி. பதிவு, பட்டச் சான்றிதழ் மூன்றையும் அதற்கேற்ப இரண்டாம் வருடத்துக்குள் திருத்திவிடுங்கள். என்.சி.சி.யில் சேரும் படிவத்தில் அவசரத்தில் எழுதிய பெயர்தான் 'சி' சர்ட்டிஃபிகேட்டில் அச்சாகும். அதைப் பின்னால் மாற்ற, கல்லூரி ஏ.என்.ஓ. (என்.சி.சி. பொறுப்பு ஆசிரியர்) மூலம் பட்டாலியனுக்குக் கடிதம் போய்த் திரும்பி வருவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.