மணலில் படுத்துப் பார்த்த வானம்: கேள்வி பதில்

மாசி அமாவாசைக்குக் கடலூர்க் கடற்கரையில் கூடாரம் போட்டோம். முதன்முதலாக வானம் பார்க்க வந்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கூடாரத்தை விட்டு வந்ததும் பத்துப் பதினைந்து நட்சத்திரம்தான் தெரிந்தது. அரை மணியில் வானம் நிறைந்துவிட்டது. எப்படி?

இருட்டுக்கான நிறமி விழித்திரையில் சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசி வெளிச்சம் ஒரு முறை பட்டால் எல்லாம் போச்சு. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள்.

டெலஸ்கோப் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். 10x50 பைனாகுலரில் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள், போதும்.

துருவ நட்சத்திரம் அகப்படவே இல்லையே?

நம் அட்சரேகை எவ்வளவோ, அடிவானத்திலிருந்து அது அவ்வளவு உயரம். கடலூருக்கு 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் 10 டிகிரி. ஆக, வடக்கே ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. அங்கே புதுச்சேரி வெளிச்சம் வேறு. அது ரொம்பப் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை.

எட்டரை மணிக்குத் தெற்கே மின்னியது சிரியஸ் என்கிறார் மாமா. அகத்தியர் என்கிறேன் நான். யார் சரி?

இரண்டுமே அப்போது தெற்கில்தான் இருந்தன. ஆறு முஷ்டி உயரத்தில், வெள்ளையாக இருந்தது சிரியஸ். இரவு வானின் நட்சத்திரங்களில் முதல் பிரகாசம் அதற்குத்தான். இரண்டரை முஷ்டி உயரத்தில் இருந்தது அகத்தியர், அதாவது கனோபஸ். இரண்டாம் இடம்.

மாமா எழுதுகிறேன்: மங்கலாகத் தெரிந்தது எப்படி இரண்டாம் இடம்? டெல்லியில் இருபது வருஷம் இருந்தேன், கண்ணில் பட்டதே இல்லையே!

ஐயா, டெல்லியில் அது 9 டிகிரிக்கு மேல் ஏறாது. புழுதியும் புகையும் மறைத்துவிடும். லண்டனில் உதிப்பதே இல்லை. இங்கேயும் தாழ்வாக இருப்பதால் காற்று கொஞ்சம் மங்கலாக்குகிறது. ஆனால் தொலைவைப் பாருங்கள்: சிரியஸ் 8.6 ஒளியாண்டு (ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம்), அகத்தியர் சுமார் 310. அவ்வளவு தூரத்திலிருந்தும் இத்தனை ஒளி! தெற்கு வானம் நமக்குக் கிடைத்த சொத்து ஐயா, அதைத் தவற விடாதீர்கள்.

ஐயாயிரத்துக்குள் நல்ல டெலஸ்கோப்?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

என் நட்சத்திரம் கேட்டை. பலன் சொல்வீர்களா?

பலன் என் துறை இல்லை. விருச்சிகத்தில் சிவப்பாக இருக்கும் கேட்டையைக் காட்டித் தருகிறேன், விடியற்காலை வாருங்கள்.

கைப்பேசியில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். திரையைப் பார்த்த கண்ணுக்கு மறுபடி அரை மணி வேண்டும், அவ்வளவுதான்.

திரிசங்கு எங்கே?

திரிசங்கு என்பது தெற்கே சிலுவை வடிவில் தெரியும் நட்சத்திரக் கூட்டம். அன்றைக்கு அது தெற்கே தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும்போது மணி இரண்டரை தாண்டியிருந்தது. எல்லோரும் தூங்கிவிட்டீர்கள். பங்குனி அமாவாசைக்கு நள்ளிரவை ஒட்டியே வந்துவிடும், எழுப்பிவிடுகிறேன்.