எண்ணெய்க் கிணற்று மெழுகுக்குக் காந்தம்: பலர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், நான் பெட்ரோலியம் எஞ்சினியரிங் மாணவி. நிலத்தடியில் தொல்லை தராத மெழுகு, மேலே வரும்போது மட்டும் ஏன் குழாயை அடைக்கிறது?

பதில்: அடியிலும் மெழுகு இருக்கத்தான் செய்கிறதும்மா, கரைந்த நிலையில். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25–30 டிகிரி சூடு கூடும். எண்ணெய் மேலே வர வர ஆறுகிறது. அழுத்தம் குறைவதால் வாயுவும் பிரிகிறது. மெழுகைக் கரைத்து வைத்திருந்ததில் அந்த லேசான சரக்குக்கும் பங்கு உண்டு. பிறகென்ன, பாரஃபின் (அந்த மெழுகுதான்) படிகமாகிக் குளிர்ந்த சுவரில் ஒட்டும். ட்யூபிங்கின் (கிணற்றுக்குள் எண்ணெய் மேலே வரும் குழாயின்) மேல்பகுதியில் அடைப்பு அதிகம் இருப்பது இதனால்தான்.

கேள்வி: கிணற்றில் காந்தம் மாட்டினால் மெழுகு படியாது என்று சொல்லி விற்கிறார்கள். பாரஃபினில் இரும்பே இல்லையே, காந்தம் என்ன செய்யும்?

பதில்: நியாயமான சந்தேகம். தனி மூலக்கூறை 1 டெஸ்லா அளவுள்ள வலுவான காந்தப்புலம்கூட அசைக்காது. வெப்பத்தின் ஆட்டம் அதைவிடப் பல மடங்கு பெரிது. மூலக்கூறுகள் சேர்ந்து நுண்துகளாகிவிட்டால் கதை வேறு. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ரோங்ஜியா தாவ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாரஃபின் வகைக் கச்சா எண்ணெயை வலுவான காந்தப்புலத்தில் கொஞ்ச நேரம் வைத்ததும் பாகுத்தன்மை, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மை, குறைந்தது. சில மணி நேரத்தில் மெல்லப் பழையபடி ஏறியது. துகள்கள் திரண்டு பெரிதாவதால் ஓட்டம் இலகுவாகிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆனால் அது பாகுத்தன்மை பற்றிய ஆய்வு. சுவரில் மெழுகு படியாது என்பதற்கு அது சான்றாகாது. விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுவார்கள்.

கேள்வி: ட்யூபிங்குக்கு வெளியே காந்தத்தைக் கட்டினால் போதுமா?

பதில்: சாதாரண எஃகுக் குழாய் என்றால் வேண்டாம். புலத்தின் பெரும்பகுதியைச் சுவரே விழுங்கிவிடும், எண்ணெய்க்குப் போய்ச் சேருவது சொற்பம். காந்தம் ஒட்டாத உலோகத்தில் ஒரு குட்டைக் குழாய்த்துண்டு செய்து, அதைச் சுற்றிக் காந்தம் பொருத்தி, மெழுகு பிரியத் தொடங்கும் ஆழத்துக்குக் கீழே இறக்குவார்கள். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும். சூடான கிணற்றில் சமாரியம்–கோபால்ட் காந்தம்தான் தாங்கும். துருத்தூளும் அங்கேதான் அப்பும். கம்பியில் கருவி கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் ஒயர்லைன் ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டூல் போய் ஒட்டிக்கொண்டால் திட்டு உங்களுக்குத்தான்.

கேள்வி: ஏற்கெனவே அடைத்திருப்பது கரையுமா?

பதில்: கரையாது. மெழுகைச் சுரண்டி எடுக்கும் ஸ்கிரேப்பர், சூடான எண்ணெய், மெழுகைக் கரைக்கும் சைலீன் திரவம் இவைதான் வழி.

கேள்வி: எங்கள் கிணற்றில் மாட்டிய மறுவாரமே உற்பத்தி கூடியது. வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: மாட்டுவதற்கு முன் கிணற்றைச் சுரண்டியிருப்பீர்களே! சுத்தம் செய்த கிணறு எப்படியும் நன்றாக ஓடும். ஓட்டம் கூடினால் எண்ணெய் ஆறுவதற்குள் மேலே வந்துவிடும், மெழுகும் குறையும். பெயர் காந்தத்துக்குப் போகும். ஒரு சுரண்டலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, வெளியே வரும் மெழுகின் எடை, கிணற்றுவாய் வெப்பநிலை, நீர் விகிதம் எல்லாவற்றையும் மாட்டுவதற்குப் பல மாதம் முன்பிருந்தே குறித்து வையுங்கள். மெழுகுக்காகப் போடும் கெமிக்கல் அளவை மாற்றாதீர்கள். பிறகு காந்தத்தைக் கழற்றியும் பாருங்கள். கழற்றியதும் அடைப்பு திரும்பினால் நானும் நம்புகிறேன்.

கேள்வி: ராஜஸ்தான் மங்களா எண்ணெய் வயலுக்கு இது உதவுமா?

பதில்: 2004இல் கண்டுபிடித்த வயல். அந்த எண்ணெய் அறை வெப்பநிலையிலேயே உறைந்துவிடும். குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டர் குழாயை வழிநெடுகச் சூடேற்றித்தான் கொண்டுபோகிறார்கள். காந்தத்தை நம்பி அங்கே ஹீட்டரை அணைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கேள்வி: பைக் பெட்ரோல் ட்யூபில் மாட்டும் காந்தம்?

பதில்: பெட்ரோலில் மெழுகே கிடையாது தம்பி. அந்தக் காசுக்குப் பெட்ரோல் போடுங்கள்.